பெர்ணம் ஆற்றைக் கடந்தாலும் விற்பனை வரி ஒன்றுதான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

கீழ்ப் பேராக் வட்டாரத்துச் சிறுதோட்டக்காரர்கள் மத்தியில் சில காலமாக ஒரு பேச்சு வலுவாக நிலவி வருகிறது. டிராக்டரைப் பேராக்கில் வாங்கினால் விற்பனை வரி கட்ட வேண்டும் என்றும், அதையே சிலாங்கூரிலோ கெடாவிலோ ஜொகூரிலோ வாங்கி இங்கே கொண்டு வந்துவிட்டால் அந்த வரி மிச்சம் என்றும் சொல்கிறார்கள். காப்பிக் கடையோடு போகிற பேச்சாக இருந்தால் நான் பேனாவை எடுத்திருக்க மாட்டேன். இதை நம்பிச் சேமிப்புப் பணத்தை எடுத்துக்கொண்டு வேற்று மாநிலத்துக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையை வைத்தே விலை பேசும் தரகர்களும் இருக்கிறார்கள். ஆகவே தங்கள் நாளிதழின் வாயிலாக இதைத் தெளிவுபடுத்த விரும்புகிறேன். தீபகற்ப மலேசியாவில் எந்த மாநிலத்துக்கும் தனி விற்பனை வரி கிடையாது. பேராக்கையும் சிலாங்கூரையும் பிரிக்கும் பெர்ணம் ஆற்றுக்கு இந்தக் கரையில் என்ன வரியோ அதேதான் அந்தக் கரையிலும்.

எங்கள் ஊரான ஊத்தான் மெலிந்தாங் ஒரு தோட்டப்புறப் பட்டணம். ஜெண்டராட்டா போன்ற பழைய பெருந்தோட்டம் செம்பனைக் குலைகளை ஆலைக்குக் கொண்டு செல்லத் தனக்கென்று சிறிய இருப்புப் பாதையே போட்டு வைத்திருக்கிறது. ஐந்து ஏக்கரும் பத்து ஏக்கரும் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு அந்த வசதி இல்லை. இது கடலோரக் களிமண் நிலம். இரண்டு நாள் மழை பெய்தால் லோரி உள்ளே நுழைய முடியாது. வெட்டிய குலை அங்கேயே கிடந்து கெடுவதற்குள் சாலையோரம் கொண்டு வந்து சேர்க்க ஒரு டிராக்டரும் டிரெய்லரும் இருந்தே ஆக வேண்டும். வீட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும்பாலான குடும்பங்கள் வாங்குகிற விலை உயர்ந்த பொருள் அதுதான். பெர்ணம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் சிலாங்கூரின் சபாக் பெர்ணம், அதற்கு அப்பால் சுங்கை பெசார், செகிஞ்சான் என்று நெல் வயல்கள் நீண்டு கிடக்கின்றன. அங்கே உழவுக்கு ஓடி ஓய்ந்த டிராக்டர்கள் கைமாற்றி விற்பனைக்கு வருவது வழக்கம். எனவே வேறு மாநிலத்தில் டிராக்டர் வாங்குவது நமக்கு எங்கோ நடக்கிற காரியமன்று. காலையில் புறப்பட்டு மத்தியானச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடக்கூடிய காரியம். அதனால்தான் இந்தத் தவறான கருத்து இந்த வட்டாரத்தில் இவ்வளவு எளிதாக வேர் பிடித்திருக்கிறது.

அண்மையில் நண்பர் ஒருவர் ஒரு விலைக் குறிப்பை என்னிடம் கொண்டு வந்து காட்டினார். தலைப்பில் கடையின் ரப்பர் முத்திரை. கைமாறிய டிராக்டர் ஒன்றின் விலை 42,000 வெள்ளி என்று தட்டச்சு செய்யப்பட்டிருந்தது. அதற்குக் கீழே ‘மாநில விற்பனை வரி 10 விழுக்காடு, 4,200 வெள்ளி’ என்று இருந்தது. அந்த 4,200-ஐ நீல மையால் அடித்துவிட்டுப் பக்கத்தில் ‘பேராக் வாடிக்கையாளருக்குத் தள்ளுபடி’ என்று எழுதியிருந்தார்கள். வரிப் பதிவு எண் தாளின் எந்த மூலையிலும் இல்லை. நண்பர் அதோடு பேரத்தை நிறுத்திவிட்டார். நாலாயிரம் வெள்ளிக்கு மேல் மிச்சமாகும்போது இன்னும் குறைத்துக் கேட்பது நியாயமில்லை என்று அவருக்குப் பட்டிருக்கிறது. இல்லாத ஒரு வரியை எழுதி, எழுதியதைக் கழித்து, உள்ளபடியே கேட்க நினைத்த விலையைச் சலுகை விலையாகக் காட்டியிருக்கிறார்கள். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட வருத்தம் சிறிதன்று. தோட்ட அலுவலகத்தில் கிராணியாக இருந்து கணக்கு எழுதியே வாழ்ந்தவன் நான். எழுத்தில் இருப்பதை நம்புகிற எளிய மனிதரிடம் எழுத்தையே கருவியாக்கி ஏமாற்றுவதை என்னால் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

நம் நாட்டில் வரி விதிக்கும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதைக் கூட்டரசு அரசியலமைப்புச் சட்டம் ஐயத்துக்கு இடமின்றி வகுத்திருக்கிறது. ஒன்பதாவது அட்டவணையின் கூட்டரசுப் பட்டியலில் நிதியும் வரிகளும் அடங்குகின்றன. மாநிலங்களுக்கு ஒதுக்கப்பட்ட வருமானங்கள் எவை என்பதைப் பத்தாவது அட்டவணை தனியே சொல்கிறது: நிலம், சுரங்கம், காடு ஆகியவற்றின் வருமானம், கேளிக்கை வரி, சில வகை உரிமக் கட்டணங்கள் என்று அது போகிறது. அந்தப் பட்டியலில் முதலாவதாக நிற்பது கள்ளுக்கடை வருமானம் என்பதைத் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எவரும் ஒரு கணம் நின்று படிக்காமல் இருக்க மாட்டார். உரிமக் கட்டணங்களை மாநிலங்களுக்குக் கொடுக்கும் அதே வாசகம், இயந்திர வாகன உரிமங்களை வெளிப்படையாக விலக்கி வைக்கிறது. ஆகவே டிராக்டர் விற்கப்படும்போதும் சரி, சாலையில் ஓடும்போதும் சரி, தீபகற்பத்தில் எந்த மாநில அரசும் அதன் மீது விற்பனை வரியோ சாலை வரியோ போட முடியாது. விற்பனை வரியைப் பொறுத்தவரை நாட்டில் ஒரே விலக்கு சபாவும் சரவாக்கும் ஆகும். அரசியலமைப்பின் 95பி பிரிவு அவ்விரு மாநிலச் சட்டமன்றங்களுக்கு மட்டும் விற்பனை வரி விதிக்கும் உரிமையை அளித்திருக்கிறது. அந்த உரிமையைக் கொண்டு அவை வரி விதிப்பது கச்சாச் செம்பனை எண்ணெய், பெட்ரோலியப் பொருள்கள் போன்றவற்றின் மீது. சரவாக் பெட்ரோலியப் பொருள்களுக்கு 5 விழுக்காடு விதித்தது 2019 ஜனவரி முதலாம் தேதியிலிருந்து. அதைப் பார்த்துவிட்டு, சிலாங்கூருக்கு ஒரு வரி, பேராக்குக்கு ஒரு வரி என்று யாரும் முடிவு கட்டக் கூடாது.

விற்பனை வரி எப்படி வேலை செய்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் குழப்பத்தின் பாதி அங்கேதான் இருக்கிறது. 1972-இல் தொடங்கிய விற்பனை வரி, 2015 ஏப்ரல் முதலாம் தேதி பொருள் சேவை வரி வந்தபோது விலக்கப்பட்டது. அந்தப் பொருள் சேவை வரி 2018 ஜூன் மாதத்தில் சுழியமாக்கப்பட்டு, அதே ஆண்டு செப்டம்பர் முதலாம் தேதி விற்பனை வரியும் சேவை வரியும் திரும்ப நடப்புக்கு வந்தன. பொருள் சேவை வரி இருந்த காலத்தில் பதிவு பெற்ற ஒவ்வொரு கடைக்காரரும் விற்பனையின்போது 6 விழுக்காடு சேர்த்து ரசீதில் காட்டினார். செம்பனைக் குலை விற்கும் சிறுதோட்டக்காரர்களுக்கென்று 2 விழுக்காட்டுத் திட்டம் ஒன்றுகூட அப்போது இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்றும் பலர் ரசீதின் அடியில் வரி என்று ஒன்று இருக்கத்தான் வேண்டும் என்று நினைக்கிறார்கள். இன்றைய விற்பனை வரி அப்படிப்பட்டதன்று. அது ஒரே ஒரு கட்டத்தில்தான் விழுகிறது: உள்நாட்டில் தயாரானால் தயாரிப்பாளர் விற்கும்போது, வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கத்தில் இறக்கும்போது. வீதம் பொருளைப் பொறுத்து 5 அல்லது 10 விழுக்காடு. விலக்களிக்கப்பட்ட பொருளானால் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகு மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, தரகர், தனிமனிதர் என்று எத்தனை கை மாறினாலும் அந்தப் பொருளுக்கு மறுபடியும் விற்பனை வரி வராது. வாங்கி விற்கும் கடைக்காரர் தம் ரசீதில் தாமாக 10 விழுக்காடு போட்டு வசூலிக்க அவருக்கு உரிமை இல்லை. முன்பே கட்டப்பட்ட வரி இருந்தால் அது அவருடைய அடக்க விலைக்குள் இருக்கும், அவ்வளவுதான். சுங்கை பெசார் நெல் விவசாயி ஒருவர் தம் பழைய டிராக்டரை ஊத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் ஒருவருக்கு விற்றால், அந்தக் கைமாற்றத்தில் விற்பனை வரி என்ற பேச்சுக்கே இடமில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. விவசாய இயந்திரங்களையே அரசாங்கம் விற்பனை வரிக்கு வெளியில் வைத்திருக்கிறது. 2025 ஜூலை முதலாம் தேதி விற்பனை வரியின் எல்லை விரிவாக்கப்பட்டு, அதுவரை வரியில்லாதிருந்த பல பொருள்களுக்கு 5, 10 விழுக்காடு வந்தபோதும், உரம், பூச்சிக்கொல்லி, விவசாய, கால்நடை வளர்ப்பு இயந்திரங்கள் ஆகியவற்றுக்கு வரி இல்லை என்று நிதி அமைச்சு அறிவித்தது. எனவே புதிய விவசாய டிராக்டர் என்று சொல்லி ஒருவர் விற்பனை வரி கேட்டால், அவர் எந்தச் சுங்கக் குறியீட்டின் கீழ் அதைக் கேட்கிறார் என்று கேட்க வாங்குபவருக்கு முழு உரிமை உண்டு. டிராக்டர்கள் அனைத்தும் சுங்கப் பட்டியலில் 8701 என்ற தலைப்பில் வந்தாலும், வயலுக்கான டிராக்டர் வேறு, கொள்கலன் இழுக்கும் சாலை டிராக்டர் வேறு. ஒரே தலைப்பின் உட்பிரிவுகளில் அவை தனித்தனியாக நிற்கின்றன. டயர், பேட்டரி, வடிகட்டி போன்ற உதிரிகள் வேறு தலைப்புகளில் வருகின்றன. டிராக்டருக்கு வரி இல்லை என்பதால் அதன் டயருக்கும் வரி இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பட்டறையில் கொடுத்துப் பழுது பார்க்கும்போது வருவது சேவை வரி. அது வேறு சட்டம், 2024 மார்ச் முதல் அதன் பொது வீதம் 8 விழுக்காடு. பதிவு பெற்ற பட்டறைகள் மட்டுமே அதை வசூலிக்கலாம்.

டிரெய்லர் விஷயத்தில் நம்மவர்கள் ஏமாறுவது இன்னும் நுட்பமாக நடக்கிறது. சிலாங்கூரில் ஒரு தொழிற்சாலை செய்த டிரெய்லரையும், நம்மூர் இரும்புப் பட்டறையில் பற்றவைத்துச் செய்த டிரெய்லரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி விலை கேட்டால் வித்தியாசம் தெரியும். உடனே அது மாநில வரியின் வித்தியாசம் என்று ஒரு விளக்கம் வந்துவிடுகிறது. பன்னிரண்டு மாதத்தில் வரிக்குரிய பொருள்களை 500,000 வெள்ளிக்கு மேல் விற்கும் தயாரிப்பாளர் சுங்கத் துறையில் பதிவு செய்துகொண்டு விற்பனை வரி கட்ட வேண்டும். அந்த வரம்புக்குள் நிற்கும் சிறிய பட்டறை பதிவு செய்ய வேண்டியதில்லை. ஆகவே ஒரே மாதிரியான பொருளில் ஒன்று வரியைச் சுமந்தும் மற்றொன்று வரியில்லாமலும் இருக்க வாய்ப்பு உண்டு. வித்தியாசம் செய்தவரின் வியாபார அளவிலிருந்து வருகிறது. பட்டறை கிள்ளானில் இருந்தாலும் தெலுக் இந்தானில் இருந்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

அப்படியானால் இந்தக் கருத்து எங்கிருந்து வந்தது? இளைஞர்கள் கைபேசியில் பார்க்கும் அமெரிக்க, தமிழ்நாட்டுக் காணொளிகளிலிருந்துதான் பெரும்பாலும் வந்திருக்கிறது என்பது என் கணிப்பு. அவற்றில் சொல்லப்படுவது அந்தந்த நாட்டுக்குச் சரியே. அமெரிக்காவில் நாடு முழுமைக்குமான விற்பனை வரி கிடையாது. 45 மாநிலங்கள் தனித்தனியே விதிக்கின்றன. அலாஸ்கா, டெலவேர், மொன்டானா, நியூ ஹாம்ஷயர், ஓரிகன் ஆகிய ஐந்தில் மாநில விற்பனை வரி இல்லை. அலபாமாவில் விவசாய இயந்திரத்துக்குக் குறைந்த வீதமான 1.5 விழுக்காடு, டெக்சாஸில் விவசாயப் பதிவு எண் வைத்திருப்பவர் சான்றிதழ் கொடுத்தால் வரியில்லாமல் வாங்கலாம். இத்தனை வேறுபாடு இருக்கும்போது எல்லையைத் தாண்டி வாங்கலாமா என்று அங்குள்ள விவசாயி கணக்குப் போடுவது இயல்பு. ஆனால் அந்த நாட்டிலேயே அது நினைப்பதுபோல் எளிதன்று. வாஷிங்டன் மாநிலத்து மனிதர் வரியில்லாத ஓரிகனுக்குப் போய்ப் பொருளை வாங்கித் தம் மாநிலத்தில் கொண்டு வந்து பயன்படுத்தினால், அங்கே பயன்பாட்டு வரி என்ற பெயரில் அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். வேறு மாநிலத்தில் ஏற்கெனவே கட்டியிருந்தால் பொதுவாக அதைக் கழித்துக்கொள்வார்கள். வெளி மாநில விற்பனையாளரை, அந்த மாநிலத்தில் கடை வைத்திருக்காவிட்டாலும் வரியை வசூலித்துக் கட்டச் சொல்லலாம் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2018 ஜூன் மாதம் தெற்கு டகோட்டா தொடர்ந்த வழக்கில் தீர்ப்பளித்த பிறகு, எல்லை தாண்டி மிச்சம் பிடிக்கும் வழி இன்னும் குறுகிவிட்டது. இதையெல்லாம் சொல்லாமல், மொன்டானாவில் வாங்கினால் வரி இல்லை என்ற ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு வந்து பெர்ணம் ஆற்றங்கரையில் நட்டால் அது எப்படிப் பிடிக்கும்?

தமிழ்நாட்டுக் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது என்பதால் அதையும் பிரித்துப் பார்க்க வேண்டும். 2017 ஜூலைக்கு முன்பு இந்திய மாநிலங்கள் தத்தமக்கென்று விற்பனை வரி, மதிப்புக் கூட்டு வரி என்று வேறு வேறு வீதத்தில் விதித்தன. புதுச்சேரியில் வாங்கினால் மலிவு என்று எல்லையோரத்து மக்கள் போவதும், அதைத் தடுக்க வெளி மாநிலத்திலிருந்து உள்ளே வரும் மோட்டார் வாகனங்களுக்குத் தமிழ்நாடு 1990-இல் நுழைவு வரிச் சட்டம் கொண்டு வந்ததும் அந்தக் காலத்து நடப்பு. பொருள் சேவை வரி வந்த பிறகு டிராக்டருக்கு நாடெங்கும் ஒரே வீதம்: முதலில் 12 விழுக்காடு, 2025 செப்டம்பர் 22 முதல் 5 விழுக்காடு. மாநில எல்லையைத் தாண்டினால் வரியின் பெயர் மாறுகிறதே தவிரத் தொகை மாறுவதில்லை. ஆனால் வேறு மாநிலத்தில் பதிவான வாகனத்தைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் மறுபதிவு செய்ய வேண்டும் என்ற விதி அங்கே இருக்கிறது. நம் நாட்டில் அதுவும் இல்லை. பி என்று தொடங்கும் சிலாங்கூர் எண் கொண்ட டிராக்டர், உரிமை மாறிய பிறகும் அதே எண்ணோடு பேராக்கில் ஆயுள் முழுக்க ஓடலாம். எண்ணை மாற்ற வேண்டும், அதற்கு மாநில வரி கட்ட வேண்டும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

நம் நாட்டில் எல்லை உண்மையாகவே பொருட்டாகும் இடங்கள் சில உண்டு. லங்காவியும் லாபுவானும் வரி விலக்குப் பகுதிகள்; லங்காவி 1987 முதல் அந்தத் தகுதியைப் பெற்றிருக்கிறது. அங்கே வரியில்லாமல் பதிவான வாகனத்தைச் சுங்க அனுமதியோடு குறிப்பிட்ட காலத்துக்கு மட்டுமே தீபகற்பத்துக்குள் கொண்டு வர முடியும். நிரந்தரமாகக் கொண்டு வர வேண்டுமானால் உரிய வரிகளைக் கட்டியாக வேண்டும். கேவி என்று தொடங்கும் லங்காவி எண்ணோடு யாராவது மலிவு விலை சொன்னால், அந்த மலிவு தீவுக்குள் மட்டும்தான் செல்லும் என்று புரிந்துகொள்ள வேண்டும். நமக்குப் பக்கத்தில் இருக்கும் பங்கோர் தீவும் 2020 ஜனவரி முதல் வரி விலக்குத் தீவாகியிருக்கிறது. ஆனால் மது, புகையிலையைப் போலவே மோட்டார் வாகனங்களுக்கும் அங்கே அந்தச் சலுகை இல்லை. லுமுட் படகுத்துறையைக் காட்டி யாரும் டிராக்டர் வியாபாரம் பேச முடியாது. சபாவிலிருந்தோ சரவாக்கிலிருந்தோ கொண்டு வர நினைப்பவர்கள் கப்பல் கட்டணத்தோடு சுங்கப் படிவங்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நம் அளவுள்ள தோட்டத்துக்கு அது கட்டுப்படியாகும் என்று எனக்குத் தோன்றவில்லை.

வேறு மாநிலத்தில் வாங்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. நெல் வட்டாரத்தில் நல்ல டிராக்டர் நியாயமான விலைக்குக் கிடைக்கிறது, வாங்க வேண்டியதுதான். வரியைத் தேடுகிற இடத்தில் காகிதங்களைத் தேடுங்கள் என்றுதான் சொல்கிறேன். ஏற்கெனவே பதிவான டிராக்டராக இருந்தால் கெரானில் (வாகன உரிமைப் பத்திரத்தில்) இருக்கும் எஞ்சின் எண்ணையும் சேசிஸ் எண்ணையும் இயந்திரத்தின் மேல் பொறித்திருப்பதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். களிமண்ணும் கிரீசும் அப்பிக் கிடக்கும் இடம் அது. ஒரு கம்பித் தூரிகையும் கொஞ்சம் டீசலும் கொண்டு போய்த் தேய்த்து, ஒவ்வொரு எழுத்தாக வாய்விட்டுப் படித்துச் சரிபார்ப்பது நல்லது. கடன் பாக்கி இருந்து நிதி நிறுவனத்தின் உரிமைக் குறிப்பு நிற்கிறதா என்று சாலைப் போக்குவரத்துத் துறையில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். உரிமை மாற்றத்துக்காக விற்றவரின் மாநிலத்துக்கே அலைய வேண்டியதில்லை. நமக்கு அருகிலுள்ள கிளையிலேயே செய்யலாம். பொதுச் சாலையில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குக் கடக்கிற டிராக்டருக்குக்கூடப் பதிவும் சாலை வரியும் காப்புறுதியும் தேவை. ‘தோட்டத்துக்குள்ளேதானே ஓடப் போகிறது’ என்று கெரான் இல்லாமல் விற்கிறவரின் பேச்சு, தோட்டத்தின் வாசலோடு செல்லாததாகிவிடும்.

ஜப்பானிலிருந்து பழைய நிலையில் இறக்கிச் செப்பனிட்டு விற்கும் டிராக்டர்களில்தான் உண்மையான வரி ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. இறக்குமதியின்போது சுங்கத்தில் கே1 என்னும் இறக்குமதி அறிவிப்புப் படிவத்தில் அந்த இயந்திரம் அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும். எந்தக் குறியீட்டில், என்ன மதிப்பில் அறிவிக்கப்பட்டது, வரி இருந்ததா, இருந்தால் கட்டப்பட்டதா என்பவை அதில் தெரியும். வரி கட்டப்படாமல் உள்ளே வந்த பொருளை 1967 சுங்கச் சட்டத்தின் கீழ் அதிகாரிகள் பறிமுதல் செய்யலாம். அப்போது இழப்பு அதைக் கையில் வைத்திருப்பவருடையது. விற்றவரின் கைபேசி அதற்குள் அணைந்திருக்கும். கே1 நகலைக் கேட்டதும் முகம் சுளிக்கும் கடையில், விலை எவ்வளவு இறங்கினாலும் முன்பணம் கொடுக்காதீர்கள். விற்பனை வரிப் பதிவு இருக்கிறது என்று சொல்பவரின் எண்ணைச் சுங்கத் துறையின் மைஎஸ்எஸ்டி இணையத்தளத்தில் எவரும் சரிபார்த்துக்கொள்ளலாம். வீட்டில் படிக்கிற பிள்ளையிடம் சொன்னால் சில நிமிடத்தில் பார்த்துச் சொல்லிவிடும்.

வரியில் உண்மையாகவே மிச்சம் பிடிக்க வழி இருப்பது வருமான வரியில்தான். ஆனால் அதைப் பயன்படுத்துகிறவர்கள் குறைவு. செம்பனை வருமானத்தை வியாபார வருமானமாகக் காட்டிக் கணக்குச் சமர்ப்பிக்கும் சிறுதோட்டக்காரர், அந்த வேலைக்கு வாங்கிய கனரக இயந்திரம் அல்லது வாகனத்துக்கு மூலதனக் கழிவு கோரலாம்: முதல் ஆண்டில் தொடக்கக் கழிவாக 20 விழுக்காடு, அத்துடன் ஆண்டுக் கழிவாக 20 விழுக்காடு. 40,000 வெள்ளிக்கு வாங்கிய டிராக்டரானால் முதல் ஆண்டில் 16,000 வெள்ளி, பிறகு மூன்று ஆண்டுகளுக்கு 8,000 வெள்ளி வீதம் வருமானத்திலிருந்து கழியும். இதற்கு வேண்டியது முறையான ரசீது. விற்பவரின் பெயர், அடையாள அட்டை எண் அல்லது நிறுவனப் பதிவு எண், எஞ்சின் எண், உண்மையில் கொடுத்த தொகை, தேதி ஆகியவை அதில் இருக்க வேண்டும். இல்லாத மாநில வரியைத் தவிர்ப்பதற்காக ரசீதில் விலையைக் குறைத்துப் போடச் சம்மதிக்கிறவர்கள், தமக்குச் சட்டப்படி உரிய இந்தக் கழிவைத் தம் கையாலேயே வெட்டிக்கொள்கிறார்கள். எனக்கு மிகவும் மனத்தாங்கல் தருவது இதுதான். நண்பருக்கு அந்த விலைக் குறிப்பைக் கொடுத்தபோதும், ரசீதில் 25,000 என்று போட்டுக்கொள்ளலாம் என்ற யோசனை வாய்மொழியாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அவர் அதற்கு உடன்படவில்லை என்பது ஆறுதல்.

சம்பந்தப்பட்டவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விற்பனை வரி பற்றிய வழிகாட்டிகளைச் சுங்கத் துறை தன் இணையத்தளத்தில் வெளியிட்டு வருகிறது. ஆனால் அவை தயாரிப்பாளருக்கும் இறக்குமதியாளருக்கும் எழுதப்பட்டவை. ஐந்து ஏக்கர்க்காரர் ஒரு டிராக்டர் வாங்கும்போது எந்த வரியைக் கட்ட வேண்டும், எதைக் கட்ட வேண்டியதில்லை, எந்தக் காகிதத்தைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை ஒரே ஒரு பக்கத்தில், மலாய் மொழியிலும் தமிழிலும் அச்சிட்டு, குலை வாங்கும் நிலையங்களிலும் விவசாயத் துறை அலுவலகங்களிலும் ஒட்டி வைத்தால் போதும். நம் வட்டாரத்துச் சங்கங்களும் கூட்டுறவுகளும் இதைக் கேட்டுக் கடிதம் எழுத வேண்டும். தங்கள் நாளிதழ் இந்தப் பொருளில் சுங்கத் துறை அதிகாரி ஒருவரிடம் விளக்கம் பெற்று வெளியிட்டால் பேருதவியாக இருக்கும். ‘மாநில விற்பனை வரி’ என்று எழுதிய விலைக் குறிப்பு எவர் கையிலாவது இருந்தால், அதைக் கிழித்துப் போடாமல் நகலெடுத்து அருகிலுள்ள சுங்கத் துறை அலுவலகத்தில் கொடுக்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். என் நண்பரின் தாளும் அங்கே கொடுக்கப்பட்டுவிட்டது.

இங்ஙனம்,
ஓய்வு பெற்ற தோட்டக் கிராணி,
ஊத்தான் மெலிந்தாங், பேராக்.